ரெமிஜியஸ் மாடாக நின்ற ஞாயிற்றுக்கிழமை

ரெமிஜியஸ் அன்று மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை என்பது காலை ஏழரைக்குள் எங்கள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அவன் பெண்டாட்டி ஞானம்மாள் மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குழாயடியைத் தாண்டி வேகமாக நடந்தாள். "இன்னா, அவரு வரலியா?" என்று கேட்டதற்கு நிற்காமலே "ஜுரம்" என்றாள். ஜுரக்காரன் கால் மணி கழித்துக் காக்கிப் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு மர டிப்போ சந்துக்குள் போனான். அங்கே வண்டிக்காரி சரசு அவனுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

இதற்கு மேலும் ஒரு தெருவால் சும்மா இருக்க முடியுமா? மார்கழிப் பனி. அவரைக்காய் சீசன். சந்துக் கோடியில் ஒருத்தி கோணியை விரித்துக் காயைக் குவித்திருந்தாள். எங்களில் ஐந்து பேருக்கு அந்த நேரம் பார்த்து அவரைக்காய் தேவைப்பட்டது.

போய்ப் பார்த்தால், நாங்கள் ஆசைப்பட்டது எதுவும் அங்கே நடக்கவில்லை. மாடு அவிழ்த்த காலி வண்டியின் நுகத்தடியைத் தோளில் தாங்கிக்கொண்டு ரெமிஜியஸ் நின்றிருந்தான். நாற்பத்திரண்டு வயது மனுஷன், பாக்கெட்டில் டிரைவர் லைசென்ஸ், கழுத்தில் ஜெபமாலை, தோளில் நுகத்தடி. சரசு வண்டியின் வால் பக்கம் நின்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பின்னால நெட்டுணா. வானத்த ஏன் பாக்கற? மாடு தலயக் குனிஞ்சுதான் நெட்டும்."

"இத வெச்சு டிராக்டருக்கு இன்னா பிரயோஜனம் சரசு?"

"முதல்ல நெட்டு. பிரயோஜனம் அப்புறம்."

பெங்களூர் அடுகோடியில், ஓசூர் ரோட்டிலிருந்து ஒடியும் சந்துக்குள் இருந்தது அந்த டிப்போ. முதலாளி எங்கேயோ மெட்ராஸில். இங்கே எல்லாம் மேனேஜர் டென்சில் துரைதான். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, ஆங்கிலோ இந்தியர். வெள்ளைக்காரர்கள் போய்ப் பதினாலு வருஷம் ஆகியும் துரை என்கிற பட்டம் இவரை விட்டுப் போகவில்லை. இவரும் அதை விரட்டவில்லை.

டிப்போவுக்குள் வண்டி திரும்ப இடம் கிடையாது. கேட்டிலிருந்து ரம்பக் கொட்டகைவரை மரம் அடுக்கியிருக்கும். எந்த வண்டி வந்தாலும் சந்தில் கேட்டைத் தாண்டிப் போய் நின்று, பின்பக்கமாகச் சோத்தாங்கைப் பக்கம் ஒடித்து, வால் முதலில் நுழைய வேண்டும். கூட்ஸ் ஷெட்டிலிருந்து மரம் இழுத்த ஆறு மாட்டு வண்டிகளும் வருஷக்கணக்காய் அப்படித்தான் நுழைந்தன. அதில் ஒன்று சரசுவுடையது. அவள் புருஷன் பச்சைமுத்து ஓட்டியதுதான். ஒரு மழை நாளில் மரம் உருண்டு இடுப்பு போய்க் கட்டிலோடு கிடந்தான். மறு வாரமே இவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள். பொம்பளை வண்டி ஓட்டுவதா என்று நாங்கள் ஒரு மாதம் பேசினோம். அப்புறம் வேறு விஷயம் வந்துவிட்டது.

அறுபத்தொன்று நவம்பர் கடைசியில் டிப்போவுக்கு ஒரு டிராக்டரும், பின்னால் மாட்டி இழுக்கிற டிரைலரும் வந்தன. கூடவே ரெமிஜியஸும் வந்தான். கோலார் தங்கவயல்காரன். சுரங்கத்தில் அப்பன் செத்த பிறகு லாரி ஓட்டியவன். லாரிக்கார முதலாளி கையை விரித்ததும் பெங்களூர் வந்து, எங்கள் தெருவில் ஒரு ரூம் பிடித்து, டென்சில் துரைக்கு மனு போட்டான். மனுவில் டிரைலர் ஓட்டி நாலு வருஷம் அனுபவம் என்று இருந்தது. எழுதியது ஞானம்மாள். அந்த வீட்டில் அவளுக்குத்தான் கையெழுத்து அழகு.

நாலு வருஷ அனுபவம் முதல் நாளே சந்தில் நாறியது. லாரியை ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி எடுத்தான். வால் வலது பக்கம் போகட்டும் என்று ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தால், டிரைலர் இடது பக்கம் போய்ச் சுவரில் முட்டியது. பதறிப்போய் இன்னும் ஒடித்தான். டிராக்டரும் டிரைலரும் மடக்கின முழங்கை மாதிரி சந்துக்குக் குறுக்கே நின்றன. பின்னால் ஆறு மாட்டு வண்டி, ஒரு தயிர்க்காரி, ஒரு பால் சைக்கிள்.

"டயர் புதுசு சார். ரோடு ஈரம் சார்" என்றான் ரெமிஜியஸ்.

டென்சில் துரை சுருட்டை வாயிலிருந்து எடுத்து ரோட்டைப் பார்த்தார். அது காய்ந்து கிடந்தது. அன்று சாயந்திரம் அவனைத் தனியாகக் கூப்பிட்டு அவர் சொன்னது எங்களுக்கு வெகு நாள் கழித்து ஞானம்மாள் வாயால்தான் தெரிந்தது.

"கிறிஸ்துமஸ்க்கு முன்னாலே மண்டே, என் எதிர்லே ரிவர்ஸ் எடுத்து உள்ளே கொண்டு வா. வந்தா வேலை உனக்கு. ஜனவரி ஒண்ணாம் தேதியிலேர்ந்து ஆறு மாட்டு வண்டியும் ஸ்டாப். வரல்லேன்னா நீ ஸ்டாப். அந்த வண்டி ஆளுங்ககிட்டே சொல்லாதே மேன். சொன்னா நாளைக்கே போயிடும். என் மரம் யாரு இழுக்கும்?"

ரெமிஜியஸ் யாரிடமும் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம் மட்டும் சொன்னான். அவளும் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று வெளியாட்களுக்குப் புரியாது.

தினமும் காலையில் அவன் சந்தை அடைப்பதும், ஆள் வைத்து டிரைலரைக் கழற்றித் தள்ளி உள்ளே விடுவதுமாக ஒரு வாரம் போனது. வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். கோவிந்தப்பா என்கிற வண்டிக்காரன், "கோலார்ல பூமிக்கு அடியில ஓட்டினாரு போல. அங்க இருட்டு, எந்தப் பக்கம் திரும்பிச்சுன்னு தெரிஞ்சிருக்காது" என்றான். சரசு சிரிக்கவில்லை. அவளுக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. டிரைலர் உள்ளே போனால்தான் அவள் வண்டி உள்ளே போகும்.

"டிரைவரண்ணா, நீ வண்டியவே பாக்கற. மாட்டப் பாக்க மாட்டேங்கற" என்றாள்.

"மாடு எங்க இருக்கு இங்க?"

"நீ குந்திக்கினு இருக்கியே, அதான் மாடு. பின்னால மாட்டியிருக்கறது வண்டி. ஞாயித்துக்கிழம சந்து காலியா இருக்கும். வா, காட்றேன்."

அப்படித்தான் அவன் நுகத்தடிக்குக் கீழே வந்தான்.

அவரைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் பார்த்தபோது சரசு கேட்டுக்கொண்டிருந்தாள். "வாலு கேட்டுக்குள்ள போவணும். சோத்தாங்கைப் பக்கம். நீ எந்தப் பக்கம் நவுருவ?"

அவன் சோத்தாங்கைப் பக்கம் நகர்ந்தான். வண்டியின் வால் எதிர்ச் சுவரைப் பார்த்துப் போனது.

"பாத்தியா. உனக்கு எங்க போவணுமோ அங்க நீ போவக் கூடாது. பீச்சாங்கைப் பக்கம் நவுரு."

நகர்ந்தான். வால் மெதுவாகத் திரும்பிக் கேட்டைப் பார்த்தது. அவன் முகத்தில் ஒரு சந்தோஷம். சந்தோஷத்தில் இன்னும் ரெண்டு அடி எடுத்து வைத்தான். வண்டி மடங்கி, நுகத்தடி அவன் கழுத்தை நெரித்தது.

"போதும், போதும். திரும்ப ஆரம்பிச்சா நிறுத்திக்கணும். அப்பால அது எங்க போவுதோ அதும் பின்னாலயே நீயும் சுத்திக்கினு போ. வண்டிக்குத் தெரியும் எங்க போவணும்னு. மாடு வழி விட்டாப் போதும்."

எட்டாவது தடவை வண்டி கேட்டுக்குள் நேராகப் போனது. நாங்கள் கை தட்டினோம். ரெமிஜியஸ் அப்போதுதான் எங்களைப் பார்த்தான். தோளில் நுகத்தடி இருந்ததால் ஓட முடியவில்லை.

சரசு கேட்டுப் படியில் உட்கார்ந்து, சுருக்குப் பையிலிருந்து வெற்றிலை எடுத்தாள். அவன் தோளைத் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். அப்போது அவள் கேட்டாள்.

"ஏண்ணா, உன் டிராக்டரு நல்லா ஓட ஆரம்பிச்சா எங்க வண்டிங்கள இன்னா பண்ணுவாங்க?"

நாங்கள் பக்கத்தில்தான் இருந்தோம். அவன் தோளைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அது பெரிய மரத்துக்கு. சின்னது, பலகை, ரீப்பர் எல்லாம் உங்க வண்டிதான். அதுக்கெல்லாம் டீசல் போட்டுக் கட்டுப்படி ஆவாது."

"அதான் நானும் நம்ம வூட்டுக்காரருகிட்ட சொன்னேன். அவரு ராத்திரி பூரா பேஜாரு பண்ணிக்கினு கெடக்கறாரு."

அடுத்த ஞாயிறும் அவன் பூசைக்குப் போகவில்லை. இந்தத் தடவை டிராக்டரை வைத்தே பழகினான். டிப்போ வாட்ச்மேன் முனியப்பன் ஒரு கட்டு பீடிக்குச் சாவியைக் கொடுத்தான். சரசு கேட்டருகில் நின்று, "பீச்சாங்கை... கொஞ்சம்... போதும்... பின்னாலயே போ" என்று சொல்லச் சொல்ல, டிரைலர் மெல்ல மெல்லச் சொன்னபடி கேட்டது. அவள் மத்தியானம் வீட்டுக்குப் போகும்போது ரெமிஜியஸ், "சரசு, நீ இல்லாட்டி என் கதி அதோகதி" என்றான். அவள், "பூசைக்குப் போ மொதல்ல. உன் பொண்டாட்டி என்னய மொறைக்கறா" என்றாள்.

ஞானம்மாள் முறைத்தது உண்மைதான். சந்தேகத்தில் இல்லை. அவளால் சரசுவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் இருக்கிறவள் முறைக்கிற மாதிரித்தான் இருப்பாள்.

திங்கட்கிழமை காலை. பனி விலகாத நேரம். டென்சில் துரை கேட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டிரைலர் நிறைய தேக்கு மரம். அதற்குப் பின்னால் வரிசையாக ஆறு மாட்டு வண்டி. ரெமிஜியஸ் கேட்டைத் தாண்டிப் போய் நிறுத்தி, சிலுவை போட்டுக்கொண்டு, ரிவர்ஸ் போட்டான். முதல் ஒடிப்பே தப்பு. டிரைலர் சுவர்ப் பக்கம் சாய்ந்தது. சரசு தன் வண்டியிலிருந்து குதித்து ஓடி வந்து பின்னால் நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

"நில்லு. முன்னால போயி நேராக்கு. இப்ப பீச்சாங்கை. பீச்சாங்கைண்ணா. போதும். மாட்ட விடு, வண்டி பின்னாலயே போவட்டும்."

டிரைலர் கேட்டின் ரெண்டு கல்தூணுக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒரு சாண் இடம் விட்டு, கல்யாணப் பொண்ணு மாதிரி உள்ளே போனது. ரம்பக் கொட்டகையில் இருந்தவர்கள்கூட வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

டென்சில் துரை எழுந்தார். "வெல்டன். அந்தப் பொம்பளை என்ன கத்துது? பீச்சாங்... வாட்?"

வண்டிக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கோவிந்தப்பா தன் இடது கையைத் தூக்கி, அது எதற்கு உதவுகிற கை என்று துரைக்கு ஜாடை காட்டினான். துரையும் சிரித்துவிட்டார்.

"இதான் உனக்கு ஸ்டியரிங் பாடமா? இவளா உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

ரெமிஜியஸ் டிராக்டரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். சரசு கை எட்டும் தூரத்தில், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பு மாறாமல் நின்றாள்.

"இல்ல சார். இவ யாரோ வண்டிக்காரி சார். பழக்கத்துல கத்தறா. எனக்குக் கோலார்லயே டிரைலர் பழக்கம்."

சரசு துடைத்துக்கொண்டிருந்த முந்தானை கன்னத்திலேயே நின்றது. பிறகு போய்த் தன் வண்டியைப் பின்னால் எடுத்து, ஒரே மூச்சில் உள்ளே விட்டாள்.

துரை அவன் தோளைத் தட்டினார். "குட். ஆனா பின்னாலே நின்னு குரல் குடுக்க ஒரு ஆளு வேணும். பர்மனென்ட். ஜனவரியிலேர்ந்து. நீயே யாராவது தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வா."

யாரோ வண்டிக்காரியை எப்படித் தெரிந்த ஆள் என்று கூட்டிக்கொண்டு போவது? அவன் வீட்டில் போய்ச் சொன்னான். ஞானம்மாள் தங்கவயலுக்குக் கடுதாசி போட்டாள். அவள் தம்பி சின்னப்பா டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினான்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு ரெமிஜியஸ் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. சாமியார் வரிசையைப் பார்த்து, "ரெமிஜியஸ் எங்கே?" என்று கேட்டாராம். ஞானம்மாள் மறுபடி ஜுரம் என்றிருக்கிறாள். வீட்டில் கல்கல் பலகாரம் சுட்டு ஒரு தட்டு நிறைய சரசு வீட்டுக்கு அனுப்பினாள். மற்ற வீடுகளுக்கு அரைத் தட்டு. நாங்கள் கவனித்தோம்.

ஜனவரி ஒன்றாம் தேதி ஆறு வண்டிகளும் நின்றன. நாலு பேர் வேறு பிழைப்புப் பார்த்துக்கொண்டு போனார்கள். கோவிந்தப்பா கேட்டில் நின்று கொஞ்ச நேரம் கலாட்டா செய்தான், முனியப்பன் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான். பொங்கலுக்கு முன்னாலேயே சரசுவின் மாடு ரெண்டையும் ஆனேக்கல் பக்கத்து ஆள் ஓட்டிக்கொண்டு போனான். பச்சைமுத்து கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனாள்.

சின்னப்பா நல்ல பையன்தான். ஆனால் தங்கவயலில் மூன்று மாதம் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். அவனுக்குத் தெரிந்த ஒரே டிராபிக் பாஷை "ரைட்". போகலாம் என்றாலும் ரைட், சரியாக இருக்கிறது என்றாலும் ரைட். பொங்கல் முடிந்த மறுநாள், டிரைலர் கேட்டுக்குள் ஒழுங்காக நுழைந்துகொண்டிருந்தபோது, அதைப் பார்த்த குஷியில் அவன் "ரைட், ரைட், ரைட்" என்று கத்தினான். ரெமிஜியஸ் ஸ்டியரிங்கை ரைட்டில் ஒடித்தான். வால் எதிர்ப்பக்கம் சாய்ந்து கேட்டின் கல்தூணை அடியோடு பெயர்த்தது. தூண் விழுந்த இடத்தில் நல்லவேளை யாரும் இல்லை.

டென்சில் துரை வந்து பார்த்தார். "நாலு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ரெமிஜியஸ் அவர் பின்னாலேயே போனான். முனியப்பன் கதவருகில்தான் நின்றிருந்தான். அவன் காதில் விழுந்த எதுவும் அவனிடம் தங்கினதில்லை.

"சார், ஒரு விஷயம். எனக்கு டிரைலர் பழக்கமே கிடையாது. மனுவுல எழுதினது பொய். அந்த சரசுதான் சார் சொல்லிக் குடுத்தா. அன்னிக்கு உங்ககிட்ட இல்லன்னு சொல்லிட்டேன். வேலைய விட்டுத் தூக்கிடுங்க சார். மனசு தாங்கல."

துரை நாற்காலியில் சாய்ந்து அவனைப் பார்த்தார். "நீ முதல் நாள் சுவத்துலே முட்டினப்பவே எனக்குத் தெரியும் மேன். எனக்கு வண்டி உள்ளே வந்தா போதும். யாரு சொல்லிக் குடுத்தா எனக்கு என்ன?"

துரை சுருட்டைத் தட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

"அன்னைக்கே அவ பேரைச் சொல்லியிருந்தா அவளையே பின்னாலே நிக்க வெச்சிருப்பேன். சத்தமும் நல்லா இருக்கு. சரி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல்லே. இந்த ரைட்-ரைட் பையனை அனுப்பிடு, அவளைக் கூட்டிட்டு வா. நாளைக்கே. உன் மச்சான், நீயே சொல்லிக்கோ. என்ன சொல்றே?"

சின்னப்பா வெளியே உடைந்த தூணின் கற்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். முந்தின நாள்தான் ஊரில் அவனுக்குப் பொண்ணு பார்த்துவிட்டு வந்திருந்தார்கள், பெங்களூரில் பர்மனென்ட் வேலை என்று சொல்லி. ரெமிஜியஸ் ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்ததாக முனியப்பன் சொன்னான்.

"அவனே இருக்கட்டும் சார். பழகிப்பான்."

"உன் இஷ்டம்" என்று துரை பேப்பரை எடுத்துக்கொண்டார்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் ரெமிஜியஸ் சரசு வீட்டுக்கு வந்தான். அவள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். தட்டிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நாலு பேர் இருந்தோம். முனியப்பன் மத்தியானமே வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போயிருந்தான்.

சரசு அப்போதுதான் சித்தாள் வேலையிலிருந்து வந்து அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். தலைமயிரில் சிமெண்ட்டுத் தூள். அவன் வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னான்.

"சரசு, வண்டிங்கள நிறுத்தப் போறாங்கன்னு எனக்கு முன்னாலயே தெரியும். தெரிஞ்சுதான் உங்கிட்ட கத்துக்கினேன். துரை கேட்டப்ப உன்னத் தெரியாத மாதிரியும் சொல்லிட்டேன்."

களிக்கோல் பானையில் ஒரு சுற்று சுற்றியது.

"உள்ள வந்து குந்துணா."

"எனக்கு உன் மூஞ்சியப் பாக்க..."

"குந்துணா மொதல்ல. அன்னிக்கு யாரோன்னு சொன்னியே, அது ரொம்ப நாளு நெஞ்சுல நின்னுச்சு, பொய் சொல்ல மாட்டேன். நம்ம வூட்டுக்காரருகிட்டகூட சொல்லல. வேலை பூடும்னு பயந்து சொல்லிட்ட. நானும் வூடு வெச்சிக்கினு இருக்கறவதான், எனக்குத் தெரியாதா பயம்?"

கட்டிலிலிருந்து பச்சைமுத்து, "வந்து சொன்னாரு பாரு. எவன் வந்து சொல்லுவான்?" என்றான். அவன் பேசியே பத்து நாள் ஆகியிருந்தது.

"துரைகிட்டயும் சொல்லிட்டியா?" என்று சரசு கேட்டாள்.

"சொல்லிட்டேன். மனு பொய்யின்னும் சொல்லிட்டேன்."

"ஐயோ, அத ஏன் சொன்ன? வேலை?"

"வேலை இருக்கு. ஒண்ணும் பண்ணல."

"என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

தட்டிக்கு இந்தப் பக்கம் நாங்கள் இன்னும் ஒட்டி நகர்ந்தோம். தெருவில் கோழி திருட்டிலிருந்து கர்ப்பம்வரை எதையும் சொல்லாமல் விட்டவர்கள் இல்லை நாங்கள். எழுந்து ரெண்டு அடி வைத்தால் அவள் வாசல். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். சொன்னால் அந்தப் பக்கம் சின்னப்பாவின் கல்யாணம் நின்றுபோகும், இந்தப் பக்கம் சரசுவின் அடுப்பு எரியும். யாரும் எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணும் சொல்லல" என்றான் ரெமிஜியஸ்.

"போவட்டும். எனக்காவப் போயி உன் வேலையப் பத்திகூட யோசிக்காம சொல்லியிருக்கியே, அண்ணன் தம்பிகூட செய்ய மாட்டான்."

அவள் அலுமினியத் தட்டைக் கழுவி, களியை உருட்டி வைத்து, நடுவில் குழி செய்து குழம்பை ஊற்றினாள். ஆவி பறந்தது. அவன் வேண்டாம் என்று சொன்னது எங்களுக்குக் கேட்டது. சாப்பிடாமல் போனால் கோபம் இருக்கிறதாக அர்த்தம் என்று அவள் சொன்னதும் கேட்டது. அப்புறம் அவன் சாப்பிட ஆரம்பித்தான். அவள் இன்னொரு உருண்டை வைத்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையும் சாப்பிட்டான்.